ஏழாம் பக்கம்

பீல் நகரில் எங்கள் மாடிவீட்டின் அடியில்
அணுகுண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறை ஒன்று.
இரண்டு சாண் தடிப்பில் கொங்கிரீட் கதவு.
உள்ளே இறங்கினால் கைபேசியின் கோடுகள்
ஒவ்வொன்றாய்ச் சாகும்.
அதுதான் என் கடையின் களஞ்சியம்:
பதினொரு பெட்டி இடியப்ப உரல்,
நாலு பெட்டி திருவலை,
ஜெர்மன் தினசரியில் சுற்றிய நீத்துப்பெட்டிகள்.

இணையத்திலும் கடை அதே ஆழத்தில்.
கூகிளில் ஏழாம் பக்கம்.
அதுவரை வருகிறவர்
வழிதவறியவராக இருக்க வேண்டும்
அல்லது நானாக.

முதலில் குறுக்குவழிதான் பார்த்தேன்.
வெள்ளைத் திரையில் வெள்ளை எழுத்தில்
மலிவு மலிவு சூரிச் மலிவு என்று
இருநூறு தடவை எழுதி ஒளித்தேன்.
இடியப்பமும் வெள்ளைத் தட்டில் வெள்ளைதானே,
யாராவது குற்றம் சொன்னார்களா?
மூன்றாம் வாரம்
பதினோராம் பக்கம்.

ருஃபெனாக்ட் என்றொரு நிபுணர்.
மணித்தியாலத்துக்கு நூற்றெண்பது பிராங்.
"இந்தப் பொருளின் பெயர் என்ன?"
"இடியப்ப உரல்."
"கூகிளிடம் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை.
படத்தின் பெயர் ஐ.எம்.ஜி. நாலு நாலு ஒன்று ஏழு."
ஒளித்ததையெல்லாம் என் கையாலேயே அழிக்கவைத்தார்.
தேடுகிறவர் வாயில் வரும் சொல்
கடை வாசலில் இருக்க வேண்டும் என்றார்.
இரண்டாம் மணித்தியாலம் தொடங்க
மூன்று நிமிடம் இருக்கையில்
நன்றி சொல்லி அனுப்பிவைத்தேன்.

எந்த வாயில் எந்தச் சொல்?
இந்த ஊரில் தெருப்பலகைக்கே இரண்டு நாக்கு.
எங்கள் ஆட்களோ ரோம எழுத்தில்
இடியப்பத்தைப் பதினாறு விதமாய்ப் பிழிகிறார்கள்.
லவுசானில் ஒருவர் இரண்டு 'டி' போடுகிறார்.
தூனில் ஒருவர் 'ய'வை விழுங்குகிறார்.
நீத்துப்பெட்டி என்று அடித்தால்
இத்தாலியில் ஏதோ ஊரைத் தேடுகிறீர்களா என்று
மரியாதையாய்க் கேட்கிறது இயந்திரம்.
பதினாறையும் எழுதினேன், இம்முறை கறுப்பில்.
நாலாம் பக்கம்.

பிறகு பிரான்சீன்.
கடிகாரத் தொழிற்சாலையில் என் பக்கத்து மேசை,
முள் பொருத்துகிறவள்.
இடைவேளையில் என் கைபேசியை எட்டிப் பார்த்தாள்.
"இது வெர்மிசெல் அச்சல்லவா?"
இல்லை, இது எங்களுடையது என்றேன்.
"கஷ்கொட்டையை அவித்து மசித்து
இப்படி ஒன்றில்தான் பிழிவோம், மேலே கிரீம்,
ஒக்டோபர் முழுக்க அதுதான்."
அவள் விரலால் காற்றில் வட்டம் சுற்றினாள்.
நான் மா பிசையும்போது காட்டித்தரும் அதே வட்டம்.

அன்றிரவு தேடல் கணக்கைத் திறந்தேன்.
அந்தச் சொல்லைப் போன மாதம்
ஆயிரத்து முந்நூறு பேர் தட்டியிருக்கிறார்கள்.
ஒருவர்கூட என் பக்கம் வரவில்லை.
கஷ்கொட்டை வாங்கி நானே பிழிந்து பார்த்தேன்.
கை நொந்தது, அடுப்படி முழுக்க ஒட்டியது.
படம் எடுத்துப் பெயர் வைத்தேன்.
கீழே ஒரே ஒரு வரி:
கஷ்கொட்டை மசியலும் இதில் பிழியலாம்,
கொஞ்சம் பலம் வேண்டும்.

ஐப்பசி பிறக்க இரண்டாம் பக்கம்.
முதல் ஓடர் லிகெர்ஸிலிருந்து, திருமதி எங்கெல்.
மூன்று நட்சத்திரம் போட்டு எழுதினார்:
நன்றாக வருகிறது, துளை சற்றுச் சிறிது.
இதன் உண்மையான பயன் என்ன?

அதற்குப் பதில் நான் இன்னும் எழுதவில்லை.
மூன்று தரம் தொடங்கி
மூன்று தரமும் நீண்டுவிட்டது.

இன்று பொதி கட்ட நிலவறைக்கு இறங்கினேன்.
கதவை இழுத்ததும் சத்தம் அறுந்தது.
கோடுகள் செத்தன.
ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தேன்.
ஐந்து நிமிடம்
எந்தச் சொல்லைத் தட்டினாலும்
யாருக்கும் நான் அகப்படமாட்டேன்.
அது பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

படியேறும்போது கைபேசி விழித்தது.
இரண்டு ஓடர்.
துளை பெரிதாய் வேண்டுமென்று
ஒன்று திரும்பி வருகிறது.